ஈய எழுத்திலிருந்து இன்டிசைன் வரை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு சந்துக்குள் டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற கடை, வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புக், வருஷத்துக்கு நாலைந்து புத்தகம், இதுதான் பிழைப்பு. 1983-ல் பதினேழு வயதில் அச்சுக்கோக்கப் போனவள், இன்னும் எழுத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். வேலை பழக வரும் பிள்ளைகளும் மெய்ப்புப் பார்க்க வருகிறவர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் டீ ஆறிப்போகிற வரை பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் எழுதிவைத்துவிடு அத்தை என்று அண்ணன் மகள் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அச்சுக்கோப்பது என்றால் என்ன வேலை? நாங்கள் பார்த்ததே இல்லையே.

பார்த்திருக்க வாய்ப்பில்லை. பெரிய மரத்தட்டு, அதில் சின்னச் சின்ன அறைகள். அதற்குக் கேஸ் என்று பெயர். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து, ஈயத்தில் வார்த்தது. இடது கையில் ஸ்டிக் என்ற சிறிய இரும்புச் சட்டம். கையெழுத்துப் பிரதியை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக எடுத்து ஸ்டிக்கில் அடுக்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பது மாதிரி திரும்பியிருக்கும், அடுக்குவதும் தலைகீழாக. வரி முடிந்ததும் இடைவெளித் துண்டுகளைச் செருகி இறுக்க வேண்டும். லூசாக விட்டால் மெஷின் ஓடும்போது எழுத்து எழும்பிவிடும்.

அச்சாகி முடிந்ததும் அத்தனை எழுத்தையும் பிரித்து அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை அதுதான். ஒரு ‘ன’வை ‘ண’ அறையில் போட்டுவிட்டால் அடுத்த வாரம் யாருடைய கல்யாணப் பத்திரிகையிலோ போய் முளைக்கும்.

அந்தப் பழக்கத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும் காகிதத்தைத் தலைகீழாக இன்றைக்கும் வாசித்துவிடுவேன். பேங்கில் லோன் கேட்கப் போனபோது இது ரொம்ப உதவியிருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்தபோது பயந்தீர்களா?

பயந்தேன். 1994-ல் எங்கள் முதலாளி ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு, கேஸ்களைக் கொடுத்துவிடப் போகிறேன், ஈய எழுத்து வேண்டாத ஆப்செட் அச்சுக்கு மாறுகிறோம், இனி கம்ப்யூட்டரில்தான் கோப்பது என்றார். மறு வாரமே எடைக்காரர் வந்துவிட்டார். பத்து வருஷமாக நகம் கறுக்க எடுத்து எடுத்துப் போட்ட எழுத்தெல்லாம் சாக்கில் கொட்டித் தராசில் ஏறியது. மூத்த கம்பாசிட்டர் ஒருவர் இருந்தார், பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். தராசு முள் சரியில்லை என்று எடைக்காரரிடம் அரைமணி நேரம் சண்டை போட்டார். பணம் முதலாளிக்குத்தான் போகிறது, அவருக்கு ஒரு பைசா கிடையாது. ஆனாலும் விடவில்லை.

நாங்கள் நாலு பேர் கோத்துக்கொண்டிருந்தோம். பெரியவர் ஊருக்குப் போய்விட்டார். ஒருத்தி தீப்பெட்டி ஒட்டப் போனாள். ஒருவர் பைண்டிங்குக்கு மாறினார். நான் சீட்டு எடுத்த பணத்தில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. தீப்பெட்டி ஒட்டப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் மவுஸ் மேஜை ஓரத்துக்கு வந்துவிட்டது. திரையில் அம்பு இன்னும் பாதி தூரம் போக வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்கிற பையனுக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றியிருக்காது. இன்று என்னிடம் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். அவர்கள் சிரிப்பார்கள்; போனில் பிறந்த பிள்ளைகள்.

இதுவரை எத்தனை தடவை முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள்?

முதலிலிருந்து என்று சொன்னால் அது பொய். ஆனால் கை மாற்றிப் பழகியது என்று எண்ணினால் ஆறேழு தடவை இருக்கும்.

எங்கள் பிரஸ்ஸில் சேர்ந்ததுமே ஒரு மாற்றத்தின் வால் எனக்குக் கிடைத்தது. 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரியார் 1930-களிலேயே ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துகள்தான்: ணா, றா, னா, லை, னை என்று இன்று நாம் எழுதுகிற வடிவங்கள். அதற்கு முன் ‘லை’ தலைக்கு மேல் துதிக்கை சுருட்டி நிற்கும். ஆணை வந்து ஐந்து வருஷம் ஆகியும் எங்கள் கேஸில் பழைய எழுத்து பாதி, புதிய எழுத்து பாதி. எந்த வாடிக்கையாளருக்கு எது என்று பெரியவர் மனசிலேயே கணக்கு வைத்திருந்தார். எழுத்தே மாறும் என்பதைப் பார்த்துக்கொண்டே தொழிலுக்குள் வந்ததால், பின்னால் வந்ததெல்லாம் அத்தனை அதிர்ச்சியாக இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர். பிறகு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ஃபாண்ட், ஒவ்வொரு விசைப்பலகை. 1999-ல் எல்லோருக்கும் பொதுவாகத் தமிழ்99 விசைப்பலகை. அதன் பிறகு யூனிகோட், பேஜ்மேக்கருக்குப் பதிலாக வந்த இன்டிசைன், போன், இப்போது ஏஐ.

யூனிகோட் ஏன் அவ்வளவு தலைவலியாக இருந்தது?

பழைய ஃபாண்டுகள் ஒரு வேஷம் போட்டன. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் முகமூடி. பாமினி ஃபாண்டில் ‘தமிழ்’ என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதே ஃபாண்ட் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். பக்கம் பக்கமாக ஜேகேபிஓ. வானவில்லுக்கு ஒரு கணக்கு, பாமினிக்கு ஒரு கணக்கு, இன்னொன்றுக்கு இன்னொரு கணக்கு. ஃபைலைக் கொடுத்தால் ஃபாண்டையும் பிளாப்பியில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

யூனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்த பொதுக் கணக்கு. அதில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. விண்டோஸ் 2000-ல் லதா என்ற ஃபாண்டும் வந்தது. எங்கள் சந்துக்கு வந்துசேரப் பத்து வருஷம் ஆனது. காரணம், நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அது நின்றுபோனது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்ட பிறகுதான், ‘எங்களுக்கு யூனிகோடில் வேண்டும்’ என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

கைக்கும் அது தலைவலிதான். ஈய எழுத்திலும் பழைய ஃபாண்டிலும் ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க. கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோட் உச்சரிப்பு வரிசையில் போகிறது: முதலில் க, பிறகுதான் கொம்பு. இருபத்தைந்து வருஷமாகக் கொம்பை முதலில் எடுத்த விரல் எப்படிக் கேட்கும்?

இன்னொன்று சொல்ல வேண்டும், இது இன்றும் நடக்கிறது. ‘பௌர்ணமி’யில் உள்ள ‘பௌ’வைச் சிலர் கொம்பு, ப, பக்கத்தில் ஒரு ‘ள’ என்று அடித்துவிடுவார்கள். தாளில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. தேடிப் பார்த்தால் கிடைக்காது. கம்ப்யூட்டருக்கு அது ‘பெளர்ணமி’, வேறு சொல். ‘ர’வுக்குப் பதிலாகத் துணைக்கால் போடுகிறவர்களும் உண்டு. அச்சில் முடிந்துபோகிற வேலையாக இருந்தவரை இதெல்லாம் பிழையே இல்லை. தேடுகிற காலம் வந்த பிறகு பிழை. முதன்முதலில் இது புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அதுவரை செய்த புத்தகங்களில் எத்தனை பௌர்ணமி காணாமல் போயிருக்கிறதோ!

தமிழ்99 பழக எத்தனை நாள் ஆகும்?

புதிதாக வருகிறவருக்கு ஒரு மாதம் போதும். உயிர் இடது கைப் பக்கம், மெய் வலது கைப் பக்கம். புள்ளி பெரும்பாலும் தானே விழும். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து ‘யளனகப’ விரலில் ஊறிப்போனவர்களுக்குக் கொஞ்சம் பாடுதான். நான் அந்த ரகம். மூன்றாவது வாரம் ஒரு நாள் பழையதும் வரவில்லை, புதியதும் வரவில்லை. வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார், ‘மீனாட்சி’ என்று அடிக்க முடியவில்லை, மதுரையில்! அவசர வேலைக்குப் பழையதையே வைத்துக்கொண்டு, தினமும் கடை திறந்ததும் அரைமணி நேரம் புதியது என்று பிரித்த பிறகுதான் கை வந்தது.

பழைய விசைப்பலகையிலேயே யூனிகோட் அடிக்கிற வசதி என்எச்எம் ரைட்டர் போன்றவற்றில் இருக்கிறது. அதுவே போதும் என்று இருப்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

புதிதாக வருகிற எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறீர்களா?

இல்லவே இல்லை. அப்படி ஓடினால் சோறு பொங்க நேரம் இருக்காது.

2005 வாக்கில் ஃபிளாஷ் கற்றுக்கொள், அனிமேஷன்தான் எதிர்காலம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் வேலைக்கு அது எதற்கு என்று புரியாததால் விட்டுவிட்டேன். 2020 டிசம்பர் 31-ஓடு அதை நடத்திய அடோபி கம்பெனியே ஃபிளாஷ் பிளேயரை மூடிவிட்டது. இதைச் சொல்லிக்காட்டுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஆனால் ஃபிளெக்ஸ் பேனர் வந்தபோது கோரல்டிராவைக் கற்காமல் விட்டது என் தவறு. ‘நான் புத்தக வேலை செய்கிறவள், பேனரெல்லாம் ஒரு வேலையா’ என்று ஒரு மிதப்பு. மூன்று வருஷம் எதிர்க் கடைக்குப் போன வேலையை எண்ணிப்பார்த்தால் அந்த மிதப்பின் விலை தெரியும். தேவையில்லை என்று விடுவது வேறு, மட்டமாக நினைத்து விடுவது வேறு. உள்ளே இரண்டும் ஒரே மாதிரிதான் பேசும்.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரே விஷயத்தைச் சம்பந்தமில்லாத மூன்று வாடிக்கையாளர்கள் கேட்டுவிட்டால் கற்க ஆரம்பித்துவிடுவேன். ஒருவர் கேட்டால் ‘இல்லைங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவேன். செய்தி, விளம்பரம், மருமகப்பிள்ளை சொல்வது எதுவும் இந்தக் கணக்கில் சேராது.

உங்களுக்கு உள்ளிருந்து உந்துதல் எப்படி வருகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் ஒரு நல்ல கதையை எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் அப்படி இல்லை.

முதல் தள்ளு எப்போதுமே வயிறுதான். 1994-ல் மட்டும் இல்லை, ஒவ்வொரு தடவையும். ஆனால் அந்தப் பயம் வகுப்பு வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும்போது பயம் கூட வராது. போய்விடலாம் என்றுதான் சொல்லும்.

அந்த மூன்றாம் வாரத்தில் என்னை உட்கார வைத்தது எது என்று யோசித்துப் பார்த்தேன். பேஜ்மேக்கர் வகுப்பில் எங்களுக்குப் பயிற்சியாக ஒரு பக்கம் கொடுத்தார்கள். நான் செய்த பக்கத்தில் ஒரு வரியில் சொற்களுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி வெள்ளை ஓடியது. பையன் பார்த்துவிட்டு, ‘சரியாத்தான் இருக்கு அக்கா, அடுத்ததுக்குப் போங்க’ என்றான். எனக்குப் போக முடியவில்லை. ஸ்டிக்கில் அப்படி ஒரு வரி விட்டிருந்தால் பெரியவர் ஒன்றும் பேசாமல் வரியை மேஜையில் கொட்டிவிடுவார். அதை எப்படிச் சரிசெய்வது என்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில், எனக்கு ஓடாது. மெனுவில் இருந்த ஒவ்வொன்றையும் திறந்து திறந்து பார்த்து, நாலாம் நாள் எழுத்திடைவெளியைச் சரிக்கட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்தேன். வெள்ளை மூடிக்கொண்டது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது.

கெட்டுப்போன பக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அந்த எரிச்சலுக்கு உந்துதல் என்று பெயர் வைப்பதானால் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் மேல் எனக்கு இன்றுவரை தனிப்பட்ட காதல் கிடையாது. பக்கம் ஒழுங்காக வர வேண்டும், அதற்கு எது வேண்டுமோ அதைத் தேடிப் போகிறேன்.

உங்களுக்கு எது பொறுக்கவில்லை என்று பாருங்கள். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி தூங்காத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் டேலியை ஒரு வாரத்தில் பிடித்துவிடுகிறார்கள். அதே ஆளிடம் படம் வரையச் சொன்னால் ஒரு வருஷம் ஆனாலும் வராது.

தன்னம்பிக்கைப் பேச்சுகள் கேட்பீர்களா?

கேட்டிருக்கிறேன். கேட்கிறபோது உடம்பு சிலிர்க்கும். மறுநாள் காலையில் அதே நாற்காலி, அதே மின்வெட்டு, அதே ‘அர்ஜென்ட்’ ஆள். இப்போது மாவு அரைக்கும்போது பழைய பாட்டுதான் போடுகிறேன்.

ஆர்வமே இல்லாமல் போன காலம் உண்டா?

உண்டு. 2020. மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு எடுத்து வைத்திருந்த பத்திரிகை வேலை எல்லாம் நின்றது. அச்சாகி வாங்காமல் போன கட்டுகள் கடை மூலையில் கிடந்தன. அதன் பிறகு கல்யாணம் நடந்தபோதும் வாட்ஸ்அப்பில் படமாகப் பத்திரிகை அனுப்பப் பழகிவிட்டார்கள். என் தொழிலுக்குப் பால் ஊற்றியாகிவிட்டது என்றே நினைத்தேன். கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடப் பிடிக்கவில்லை. புதியதாக எதையாவது கற்றுக்கொள், நேரம் கிடைத்திருக்கிறதே என்று போனில் அறிவுரை சொன்னவர்களைக் கண்டாலே எரிச்சல்.

நாலு மாதம் நான் எதையும் கற்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாலு மாதத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், வீட்டில் அடைந்து கிடந்து தன் ஊர்க் கதையை எழுதியிருந்தார். புத்தகமாக்கித் தர முடியுமா என்று கேட்டார். யூனிகோடில் போனில் அடித்த மேட்டர். பேஜ்மேக்கரில் போட முடியாது. அதற்காகத்தான் இன்டிசைனைத் திறந்தேன். ஒட்டினால் கொம்பெல்லாம் இடம் மாறி, பாதி எழுத்து பிய்ந்து நிற்கிறது. அண்ணன் மகளிடம் கேட்டேன். பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்று ஒன்று இருக்கும், அதை மாற்று அத்தை என்றாள். மாற்றினேன். நூற்றறுபது பக்கமும் ஒரே நேரத்தில் சரியாகிப் படுத்தது. மறுநாள் ஏழு மணிக்கே கடையைத் திறந்துவிட்டேன்.

தெரியாததைச் சின்னப் பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சமாக இல்லையா?

முதலில் இருந்தது. கேட்கிற விதத்தில் இருக்கிறது என்று பிறகு புரிந்தது. ‘இது எனக்கு வரலைப்பா’ என்று கேட்டால் பையன் என் கையிலிருந்து மவுஸை வாங்கி டக் டக் என்று முடித்துவிட்டுப் போய்விடுவான். ‘நீ வாயால் சொல்லு தம்பி, நான் செய்கிறேன்’ என்றால்தான் எனக்கு நிற்கும். மவுஸைக் கொடுக்காதீர்கள். கற்க வருகிற நடுவயதுக்காரர்களுக்கு நான் சொல்கிற ஒரே அறிவுரை இதுதான்.

வயதானால் மனதில் நிற்காது என்கிறார்களே?

நிற்காதுதான். எனக்கு அறுபது நெருங்குகிறது. சென்ற வாரம் பார்த்த மெனு இந்த வாரம் எங்கே என்று தேடுகிறேன். அதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் படிப்படியாக என் பாஷையில் எழுதி வைத்திருக்கிறேன். ‘பக்க எண் போட: மேலே நாலாவது மெனு, கீழே இறங்கு, பூனைக் காது மாதிரி படம்’ என்றெல்லாம் இருக்கும். கடைப் பிள்ளைகள் படித்துச் சிரிப்பார்கள். நான் லீவு போட்ட அன்று அவர்களும் அந்த நோட்டைத்தான் திறக்கிறார்கள்.

தப்பு நடந்து பணம் போயிருக்கிறதா?

போகாமலா? பழைய ஃபாண்டில் இருந்த ஒரு பத்திரிகையை யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றுகிற மென்பொருளுக்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. மாப்பிள்ளையின் படிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அதையும் தமிழென்று நினைத்துப் பொருளில்லாத இரண்டு எழுத்தாக மாற்றிவிட்டது. பெயர்களை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். ஐந்நூறு பத்திரிகை. பெண்வீட்டார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். இப்போது எந்த ஃபைலை மாற்றினாலும் எண், ஆங்கிலம், ‘ஸ்ரீ’, மேற்கோள் குறி இந்த நாலையும் தனியாகப் பார்க்காமல் விடுவதில்லை. நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது.

மேட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

தாராளமாக. எழுத்தாக அனுப்புங்கள், போட்டோவாக வேண்டாம். குரல் பதிவாக அனுப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏஐ வந்துவிட்டதே, இனி உங்களுக்கு வேலை இருக்குமா?

கம்ப்யூட்டர் வந்தபோதும் இதே கேள்விதான். அப்போது நாலில் மூன்று பேருக்கு இல்லாமல்தான் போனது. அதனால் ‘ஒன்றும் ஆகாது’ என்று நான் யாருக்கும் சமாதானம் சொல்ல மாட்டேன்.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. என் மூன்று பேர் கணக்கு நிறைவேற ஒரு வருஷம் ஆனது. பிறகு பிழை திருத்தக் கொடுத்துப் பார்த்தேன். விட்டுப்போன ஒற்றுகளைப் பிடிக்கிறது. எனக்கே சந்தேகமான இடங்களில் சரியாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் வாத்தியார் கதையிலிருந்து ஒரு பக்கம் கொடுத்தேன். ‘அவுக வந்தாக’ என்று கிழவி பேசுவதை ‘அவர்கள் வந்தார்கள்’ என்று திருத்திக் கொடுத்தது. கிழவி செத்துப்போனாள்.

இன்னொரு நாள் கல்யாணப் பத்திரிகை. எங்கள் பக்கம் பத்திரிகை என்றால் பாதி இடம் உறவினர் பெயர்தான். பெரியப்பா பெயர் எங்கே, தாய்மாமன் பெயர் எங்கே என்பதற்கே இரண்டு வீட்டாரும் கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். பெயர்களை வரிசைப்படுத்தி எழுத்துப்பிழை மட்டும் பார் என்று கொடுத்தேன். பார்த்தது. பார்த்துவிட்டு ஒரு சித்தப்பாவை விட்டுவிட்டது. ஒரு சத்தமும் இல்லாமல்! மனிதர் விட்டிருந்தால் அந்த இடம் வெறிச்சென்று தெரியும். இது இடத்தையும் அழகாக மூடிவைத்திருந்தது. அந்தச் சித்தப்பா கல்யாணத்துக்கு வந்திருப்பார், பத்திரிகையைப் பிரித்திருப்பார், நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால் இப்போது அதைப் புதிதாக வந்த பையன் மாதிரி வைத்திருக்கிறேன். பிழையைக் காட்டு, நீயாகக் கை வைக்காதே என்று சொல்லித்தான் கொடுப்பேன். வரி வரியாக மூலத்தோடு ஒப்பிடுவது என் வேலை. அதையும் அது செய்கிற காலம் வரலாம். வந்தால் அப்போது பார்ப்போம்.

பழையதெல்லாம் கற்றது வீண்தானே?

சில வீண்தான். பிளாப்பியை எப்படிக் காப்பாற்றுவது, ட்ரேசிங் பேப்பரில் பக்கங்களை எந்த வரிசையில் ஒட்டுவது என்பதெல்லாம் இனி யாருக்கு வேண்டும்? பேஜ்மேக்கர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இன்னும் இருக்கிறது. பழைய ஃபைல் கேட்டு யாராவது வந்தால் திறப்பேன். மாதத்துக்கு ஒருவர் வருகிறார்.

இப்போது என்ன கற்றுக்கொண்டிருக்கிறீர்கள்?

படத்திலிருந்து எழுத்தை உருவுகிற வேலை. ஒருவர் தன் தாத்தா 1952-ல் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஒரே பிரதி, தொட்டால் உதிர்கிறது. மறுபதிப்பு வேண்டும். பக்கங்களைப் போட்டோ எடுத்து, எழுத்தை உருவுகிற ஓசிஆர் மென்பொருளில் கொடுத்தால் பாதி சரியாக வருகிறது. பழைய துதிக்கை ‘லை’யும் ‘னை’யும் வந்தால் தடுமாறுகிறது. ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை, அந்தக் கால ஈய எழுத்தில் இரண்டும் ஒரே அச்சு மாதிரிதான் இருக்கும். கடைப் பிள்ளைக்கும் அந்த எழுத்துகள் ஓடவில்லை. ‘இது என்ன அக்கா, யானையா?’ என்று கேட்கிறாள். பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுகிறேன், அவள் அடிக்கிறாள். எந்த அமைப்பை மாற்றினால் ஓசிஆர் நன்றாகப் படிக்கும் என்று அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தால் கொஞ்சம் தேறுகிறது என்று நேற்று கண்டுபிடித்தாள்.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நிற்கிறோம். ஐந்தாவது வரியில் ஒரு சொல் பொருந்தவே இல்லை. மெஷின் அந்த எழுத்தைத் தாண்டிப் போயிருந்தது. புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு ‘ப’, தலைகீழாக நிற்கிறது. கோத்தவர் ஸ்டிக்கில் திருப்பி வைத்துவிட்டார், மெய்ப்புப் பார்த்தவரும் விட்டுவிட்டார். பிள்ளையிடம் காட்டினேன். ‘எழுபது வருஷமா யாருமே பார்க்கலையா அக்கா?’ என்றாள். திருத்தச் சொன்னேன். இன்னும் தொண்ணூறு பக்கம் இருக்கிறது.